பல்லவி எடுப்பது யார்?

(கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இத்தனை பேர் கோயில் பாட்டைப் பற்றிக் கோபமாக இருக்கிறார்கள் என்று இந்த வாரத் தபால் கட்டைப் பிரிக்கும்வரை தெரியாது. மொத்தமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.)

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை இரண்டரை மணி நேரம். அதில் பாட்டுக்கே ஒன்றேகால் மணி போய்விடுகிறது. பாட்டு என்பது ஆராதனையா, இல்லை பிரசங்கத்துக்கு ஆள் சேரும்வரை நேரம் ஓட்டும் ஏற்பாடா?
— ஒரு வாசகர், செம்மங்குப்பம்

லேட்டாக வருகிறவர்களுக்கு ஏற்பாடு. நேரத்தோடு வருகிறவர்களுக்கு ஆராதனை. நீங்கள் எந்தக் கட்சி?

கடைசி இரா விருந்து முடிந்ததும் இயேசுவும் சீடர்களும் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு 26:30-இல் இருக்கிறது. கைதாகப் போகிற ராத்திரி! பஸ்கா விருந்தில் யூதர்கள் பாடும் வழக்கப்படி பார்த்தால் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களில் சிலவற்றைப் பாடியிருப்பார்கள் என்பது அறிஞர்கள் கணிப்பு. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரி, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கும்போது பாடினார்கள். கேட்டவர்கள் பக்கத்து அறைக் கைதிகள். அங்கே பிரசங்கத்துக்கு ஆள் சேர்க்கும் அவசியம் யாருக்கும் இல்லை. எனவே பாட்டு முன்னோட்டம் அல்ல. ஒன்றேகால் மணி அதிகம்தான் என்றாலும், மீதி ஒன்றேகால் மணியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடப் புகார் எழுதவில்லை. உங்கள் போதகர் கொடுத்துவைத்தவர்.

பாடத் தெரியாதவர்கள் கோயிலில் வாய்விட்டுப் பாடலாமா? பக்கத்தில் நிற்பவர் முறைக்கிறார்.
— பின்வரிசை, கடலூர் முதுநகர்

150ஆம் சங்கீதம் மூச்சுவிடுகிற அத்தனையையும் துதிக்கக் கூப்பிடுகிறது. சுருதி சேர்கிறவர்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கூப்பிடவில்லை. முறைக்கிறவர் அந்த நேரத்தில் பாடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் அச்சிட்டிருக்கிறார்கள். அதை யாராவது பார்க்கிறார்களா?
— நெல்லிக்குப்பம் வாசகி

அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் பார்த்திருப்பார்.

ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைப் பையனாக இருக்கும்போதே தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தவர் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர். அங்கே சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர் என்பார்கள். அந்தத் தஞ்சாவூரில் காதில் விழுந்ததெல்லாம் பதம், வர்ணம், குறவஞ்சி. அவரும் பெத்லகேம் குறவஞ்சி பாடினார்; பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனைகளாகக் கொட்டினார். 1864-இல் அவர் இறக்கும்போது வயது எண்பத்தொன்பது. அதற்கு முன்பே, 1853-இல், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். சாஸ்திரியார் பாட்டுகளும் அதில் சேர்ந்தன. தஞ்சாவூரில் ஒரு குடும்பமும் அதன் சீடர்களும் பாடியது, அச்சேறியதும் ஊர் ஊராகப் போனது. போன இடத்தில் ராகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, மெட்டு மட்டும் தங்கியது. ஆனந்தபைரவி என்று மேலே போட்டிருக்கும், கீழே சபை வேறு எதையோ பாடிக்கொண்டிருக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ராகம் தெரியாமல் பாடியவர்கள்தான் அந்தப் பாட்டுகளை இதுவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள்.

என் ஆயா ஞானப்பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். ஜெர்மன் மெட்டு என்கிறார்கள். ஜெர்மன்காரர்களும் அப்படித்தான் இழுப்பார்களா?
— பேத்தி, மேல்பட்டாம்பாக்கம்

இழுப்பு ஆயாவுடையது, மெட்டுதான் ஜெர்மனி.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரன் சபையில் பாட்டு இல்லாமல் வழிபாடு கிடையாது என்பதால் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்குவது உடனடி வேலையானது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் சென்னையிலிருந்த பப்ரிசியுஸ். வேதத்தையே மொழிபெயர்த்தவர், பாட்டுகளை விடுவாரா? உங்கள் பக்கத்துக்கும் இது பழைய சங்கதி. மிஷனரி கீர்நாந்தர் ஐயர் கடலூருக்கு வந்தது 1740-இல். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார்.

அசை எண்ணி வைத்தால் மெட்டில் தமிழ் உட்கார்ந்துவிடும், ஆனால் சௌகரியமாக உட்காராது. ஜெர்மன் மெட்டு மூச்சுவிடச் சொல்லும் இடத்தில் தமிழ்ச் சொல் பாதிதான் முடிந்திருக்கும். ஆயா என்ன செய்வார்? முந்தைய சுரத்திலிருந்து ஒரு சறுக்கு சறுக்கி, சொல்லை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஆர்கன் வாசிக்கிறவர் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பார். அடுத்த வரி முடிவில் அவர் நின்றுதான் ஆகவேண்டும், ஏனென்றால் கோயிலில் ஆயாக்கள் எண்ணிக்கை அதிகம். அடுத்த ஞாயிறு போனில் பதிவுசெய்து வையுங்கள்.

சினிமா மெட்டில் ஞானப்பாட்டுக் கட்டலாமா? லூதரே சாராயக்கடை மெட்டில்தான் பாட்டுக் கட்டினார் என்று எங்கள் வாலிபர் சங்கத் தலைவர் சொல்கிறார்.
— பண்ருட்டி வாசகர்

இந்தக் கதை தலைவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். லூதர் ஒரு கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஊரில் பாடிவந்த விடுகதைப் பாட்டின் மெட்டைப் போட்டது உண்மை. 1535-இல் அச்சானது. ஆனால் 1539-இல் அதே பாட்டுக்குப் புதிய மெட்டு வந்துவிட்டது. பழைய மெட்டு தெருவில் வேறு வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பார்கள். ஆக உங்கள் தலைவர் முதல் நாலு வருஷத்தைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார்.

இரட்சணிய சேனைக்காரர்கள் இங்கிலாந்தில் கூத்துக்கொட்டகை மெட்டுகளைக் கூச்சமில்லாமல் எடுத்தார்கள். குடிகாரர்களைத் தேடிப் போனவர்கள், குடிகாரர்களுக்குத் தெரிந்த மெட்டோடு போனார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வாலிபர் சங்கம் யாரைத் தேடிப் போகிறது? கோயிலுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களையா? காணிக்கைப் பை வரும்போது உங்கள் கண்ணுக்குள் எந்த நடிகர் ஆடுகிறார் என்று பாருங்கள். யாரும் ஆடவில்லையென்றால் மெட்டு ஞானஸ்நானம் பெற்றுவிட்டது.

ஒரே வரியை இருபது தடவை பாடவைக்கிறார் எங்கள் பாட்டுத் தலைவர். கேட்டால் அபிஷேகம் என்கிறார்.
— சேத்தியாத்தோப்பு வாசகர்

136ஆம் சங்கீதத்தில் ஒரே பின்வரி 26 தடவை வருகிறது. உங்களுக்கு இன்னும் ஆறு பாக்கி.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பின்வரி மாறாது, முன்வரி ஒவ்வொரு தடவையும் மாறும்: சிருஷ்டிப்பு, எகிப்து, செங்கடல், வனாந்தரம் என்று கதை நகர்ந்துகொண்டே போகும். கதை நகராமல் கீபோர்டு மட்டும் நகர்ந்தால் கை தூக்கியவர்களுக்குத் தோள் வலிக்கும்.

எங்கள் கீபோர்டு தம்பி பாட்டுக்கு நடுவே சுருதியை ஏற்றிவிடுகிறார். பாட முடியவில்லை.
— பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், குறிஞ்சிப்பாடி

தம்பிக்கு டிரான்ஸ்போஸ் பொத்தான் ஒரு விரல் வேலை. உங்களுக்கு அது தொண்டை வேலை. யூடியூப்பில் பாடுகிறவரின் கட்டையிலேயே சபையும் பாடவேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. அவர் தனி ஆள், மைக் வைத்திருக்கிறார், பதிவில் எத்தனை டேக் எடுத்தாரோ. சபையில் மீசை முளைக்கும் பையனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வரியைப் பாடவேண்டும். மெட்டின் உச்ச சுரத்தில் தாத்தாவின் உதடு மட்டும் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் தம்பி கட்டையைத் தீர்மானிக்கட்டும். அசைகிறது என்றால் இரண்டு கட்டை இறக்கச் சொல்லுங்கள். இறக்க மறுத்தால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிறு பாடாமல் நில்லுங்கள். அவருக்கே கேட்கும்.

லத்தீன் பூசைக் காலத்தில் அர்த்தம் தெரியாமலே பாடினோம். ஆனால் பக்தி இருந்தது. இப்போது தமிழில் எல்லாம் புரிகிறது, பக்தி இல்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. உங்கள் கணக்குப்படி பக்தி அதே கதவு வழியாக வெளியே போயிருக்கிறது. கவலை வேண்டாம் சார். இன்றைய இளைஞர் குழு பாடுகிற வேகத்தில் தமிழும் புரிவதில்லை. பக்தி திரும்பிவிடும்.

பெண்கள் பாடகர் குழுவில் நிற்பதை என் மாமனார் எதிர்க்கிறார். பழைய ஒழுங்கு என்கிறார்.
— மருமகள், விருத்தாசலம்

பழைய ஒழுங்கு இருந்தது உண்மை. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் வெளியிட்ட ஆணையில், வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்கள் கூடாது, மேல் ஸ்தாயி வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதைத் தளர்த்தினார். மாமனார் கடிகாரம் எழுபது வருஷம் மெதுவாக ஓடுகிறது. இன்னொன்று: நம் கிராமத்துக் கோயில்களில் பெண்கள் வாயை மூடினால் மிச்சம் கேட்பது ஆண்கள் தொண்டையைச் செருமும் ஓசை மட்டும்தான். இதை நீங்கள் சொல்லவேண்டாம், என் பேரில் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசையில் இயேசுவைப் பாடினால் ஏன் சண்டை வருகிறது? ராகத்துக்கு மதம் உண்டா?
— இசை மாணவர், சிதம்பரம்

ராகத்துக்கு இல்லை, சபாவுக்கு உண்டு. 2018 ஆகஸ்டில் ஓ.எஸ். அருண் பாடவிருந்த கிறிஸ்தவப் பாட்டுக் கச்சேரி எதிர்ப்பால் நின்றுபோனது. டி.எம். கிருஷ்ணா அதற்குப் பதிலாக, மாதம் ஒரு பாட்டு இயேசு மீதோ அல்லா மீதோ வெளியிடுவேன் என்றார். ஏதோ புதுசாக எல்லை தாண்டிவிட்டது போல அன்றைக்குப் பேசினார்கள்.

நீங்கள் சிதம்பரத்துக்காரர், உங்களுக்குச் சொல்லவேண்டுமா? தில்லைக்கு ஏங்கிய நந்தனாரைக் கதையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் நண்பர்கள். பிள்ளை கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதியவர். 1870-களின் பஞ்சத்தில் தன் சொத்தை இறக்கி ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து உருகிப் பாரதியார் அவர்மேலேயே ஒரு கீர்த்தனை பாடினார். சைவர் ஒருவர், கிறிஸ்தவர் ஒருவரை, கர்நாடக இசையில். யாரும் சபாவைப் பூட்டவில்லை. அப்போது சபாவும் இல்லை. தமிழிசைக்கு ஆதார நூல் என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் புரட்டுகிற ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வந்தது. எழுதிய ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூர்க் கிறிஸ்தவ வைத்தியர்.

யார், எங்கே, எதைப் பாடலாம் என்ற சண்டை கிறிஸ்தவர்களோடு நிற்பதும் இல்லை. 2008 மார்ச்சில் உங்கள் ஊர்ச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட, ஆறுமுகசாமி என்ற சிவனடியார் போலீஸ் காவலோடு ஏறவேண்டியிருந்தது. தேவாரம், சிவன் கோயில், சிவனடியார். இதில் எது வெளி மதம்?

கோயிலில் பறை அடிக்கலாமா? எங்கள் சேகரத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது.
— பெயர் வேண்டாம், குள்ளஞ்சாவடி

இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முன்பு சொன்ன வேதநாயகம் சாஸ்திரியாரிடமே திரும்பிப் போகவேண்டும். 1820-களின் கடைசியில் புது மிஷனரிகளை எதிர்த்துத் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் குறைப் பட்டியல் போட்டார்கள். முன்னே நின்றவர் சாஸ்திரியார். தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் தடுக்கிறார்கள் என்பது ஒரு குறை. எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலக்கிறார்கள் என்பது இன்னொரு குறை. இரண்டும் ஒரே பட்டியலில்! நம் பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர், நம்மில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தார். சாஸ்திரியாரை ரசிக்கிறவன் நான். இதை மறைத்துவிட்டு ரசிக்க முடியாது. உங்கள் ஜில்லாவில் மிஷன் தொடங்கிய ஓக்ஸ் ஐயர், லைப்சிக் மிஷன் சாதியோடு சமரசமாகப் போகிறது என்று அதை விட்டு விலகி வந்தவர். ஆக இந்த வழக்குக்கு உங்கள் மண்ணிலேயே நூற்றைம்பது வயதுக்கு மேல்.

1980-களிலும் 90-களிலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்ற ஆசிரியர் இருந்தார். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். கர்நாடகக் கீர்த்தனை மேலே இருக்கிறவர்களின் இசை. வயலில் நிற்கிறவர் அதைக் கேட்கலாம், மாற்ற முடியாது. நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுக்கலாம், யாரும் ஒரு வரி சேர்க்கலாம், ஆகவே தலித் மக்களின் வழிபாடு அதில்தான் நடக்கவேண்டும் என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்காமல் முழு வழிபாட்டு முறையையே கிராமிய மெட்டில் எழுதினார். பறையும் உள்ளே வந்தது. 2005-இல் இறந்துபோனார்.

உங்கள் சேகரத்து எதிர்க்கட்சியில் காலனிப் பெரியவர்களும் இருக்கிறார்களா? இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பல ஊர்களில் அவர்கள் சொல்வது இது: ஊருக்குச் சாவுமேளம் அடிக்கமாட்டோம் என்று சொல்லித்தான் தலைநிமிர்ந்தோம், மறுபடியும் ஏன் அதைக் கையில் கொடுக்கிறீர்கள்? இதை மேட்டிமைப் பேச்சு என்று ஒதுக்கக் கூடாது. அடி வாங்கியவரின் பேச்சு அது. அப்பாவு பறையை எடுத்தது அந்த அவமானத்தைத் திருப்பிப் போட. பெரியவர்கள் பறையைக் கீழே வைத்ததும் அதற்காகவே. அடிப்பவர் விரும்பி அடித்தால் அடிக்கட்டும். திருவிழாவுக்குத் தப்படிக்க அந்தத் தெருவிலிருந்து ஆள் அனுப்புங்கள் என்று கமிட்டி ஆள் அனுப்பினால், அன்றைக்குப் பறை வேண்டாம். கமிட்டிக்காரர்களே கற்றுக்கொண்டு அடிக்கட்டுமே.

எங்கள் தெருவில் வீட்டு ஜெபக் கூட்டம். நாலு பாக்ஸ் ஸ்பீக்கர். கேட்டால் மத சுதந்திரம் என்கிறார்கள்.
— தூக்கம் கெட்டவர், கடலூர் மஞ்சக்குப்பம்

இந்த வழக்கைச் சென்னைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்விட்டார்கள். சர்ச் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் தகராறு. சத்தம் எங்களுடையது அல்ல, ரோட்டில் போகிற வண்டிகளுடையது என்றுகூட சபை வாதிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு: பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கியும் மேளமும் வைத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா மதத்துக்கும்தான். ஆடி மாதம் உங்கள் வீட்டு வாசலில் கட்டும் குழாயையும் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

தேசிய கீதம் பாட மறுப்பது சரியா? யெகோவா சாட்சிகள் பாடமாட்டார்களாமே.
— கல்லூரி மாணவி, அண்ணாமலை நகர்

கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். மரியாதையோடு எழுந்து நின்றார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாடும் உரிமை இருக்கிற நாட்டில் பாடாமல் நிற்கும் உரிமையும் உண்டு.

வாத்தியமே கூடாது என்கிற சபைகளும் இருக்கின்றனவே?
— புவனகிரி வாசகர்

கிறிஸ்துவின் சபையார் பலர் இன்றும் வெறும் குரலில்தான் பாடுகிறார்கள். சீர்திருத்தக் காலத்தில் சூரிச்சில் ஸ்விங்லி ஆர்கனை மட்டுமல்ல, பாட்டையே கோயிலிலிருந்து நிறுத்தினார். அவர் பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர் என்பதுதான் வேடிக்கை. பாட்டு மனிதனை எங்கே இழுத்துப்போகும் என்று வித்வானுக்குத்தானே தெரியும்? அகுஸ்தீனாருக்கும் இதே பயம். பாட்டின் பொருளைவிடக் குரலினிமை தன்னை உருக்கினால் அது பாவம் என்று எழுதிவைத்தார். ஆனால் தான் மனம் திரும்பிய நாட்களில் சபைப் பாட்டைக் கேட்டு அழுததை நினைத்து, பாட்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பாடுகிறவன் இரண்டு தடவை ஜெபிக்கிறான் என்று அவர் பேரில் சொல்வதுதான் அவர் எழுத்தில் அப்படியே கிடைப்பதில்லை.

காந்திக்குக் கிறிஸ்தவப் பாட்டுப் பிடிக்குமாமே?
— பரங்கிப்பேட்டை வாசகர்

ஆசிரம பஜனைப் புத்தகத்திலேயே சேர்த்திருந்தார். உங்கள் ஊரில் டேனிஷ்காரர் ஆனி மேரி பீட்டர்சன் நடத்திய சேவா மந்திர் பள்ளிக்கு 1921-இல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. அவருக்குப் பிடித்த ‘அபைட் வித் மீ’ மெட்டு, குடியரசு தினப் பாசறை திரும்பும் விழாவில் வருஷா வருஷம் ஒலித்தது. 2022-இல் எடுத்துவிட்டார்கள்.

என் அடக்க ஆராதனையில் என்ன பாட்டுப் பாடவேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?
— எண்பதைத் தாண்டியவர், ஆலப்பாக்கம்

தாராளமாக எழுதிவையுங்கள். பாட்டு எண், எத்தனை சரணம், கீபோர்டு உண்டா இல்லையா, எல்லாம். பல்லவி எடுக்க மட்டும் இரண்டு பேரைச் சொல்லிவையுங்கள். ஒருவர் உங்களுக்கு முன்னால் போய்விடலாம், இன்னொருவர் அழுதுகொண்டிருப்பார். இரண்டும் நடந்தால் யாராவது ஒரு ஆயா தப்பான சுருதியில் ஆரம்பித்துவிடுவார், கவலைப்படாதீர்கள்.